குறைபார்வை உடையோர்க்கான உதவியின் வரலாறு: போளூர் வட்டாரத்திலிருந்து ஒரு நோக்கு

குறைபார்வை என்பது மருந்தாலோ, அறுவை மருத்துவத்தாலோ, வழக்கமான மூக்குக் கண்ணாடியாலோ முழுமையாகச் சரிசெய்ய முடியாத பார்வைக் குறைபாடு ஆகும். இக்குறைபாடு உடையவர் பார்வையற்றவர் அல்லர். அவருக்கு ஓரளவு கண் தெரியும். ஆனால், கரும்பலகையைப் படிக்கவும், பேருந்தின் பெயர்ப்பலகையை அறியவும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காணவும் அந்தப் பார்வை போதாது.

தமிழ்நாட்டில் கண் மருத்துவத்தின் வரலாறு இருநூறு ஆண்டுகளைக் கடந்தது. பார்வையற்றோர் கல்வியின் வரலாறு நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்தது. ஆயினும், இவ்விரண்டுக்கும் இடையில் நின்ற குறைபார்வை உடையோரைத் தனிப் பிரிவினராகக் கருதி உதவும் முயற்சி மிக அண்மையது. "குணப்படுத்த முடியும்" என்றால் மருத்துவமனை, "முடியாது" என்றால் பார்வையற்றோர் பள்ளி என்ற இரு கதவுகளே நெடுங்காலம் திறந்திருந்தன. மூன்றாவது கதவு எப்படித் திறந்தது என்பதையும், திருவண்ணாமலை மாவட்டம் போளூர், ஜவ்வாது மலை போன்ற பகுதிகளுக்கு அது எவ்வளவு எட்டுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எது குறைபார்வை?

நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் எர்மான் சுனெல்லன் 1862ஆம் ஆண்டில் எழுத்து அட்டை ஒன்றை வெளியிட்டார். பார்வைக் கூர்மையை அளக்க இன்றும் அவர் வகுத்த முறையே அடிப்படை. 6/18 என்றால், இயல்பான பார்வை உடையவர் 18 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு நெருங்கினால்தான் படிக்க முடியும் என்று பொருள். இரு கண்களில் சிறந்த கண்ணில், தக்க கண்ணாடி அணிந்த பிறகும் 6/18-க்குக் கீழ் இருந்து, 3/60 வரை இருப்பது பொதுவாகக் குறைபார்வை எனப்படுகிறது.

அளவு மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. ஒரே அளவுள்ள இருவர் வெவ்வேறு விதமாகப் பார்ப்பர். விழித்திரையின் மையம் பழுதானவருக்கு நேரே பார்க்கும் இடம் மங்கி, ஓரங்கள் தெரியும். இவரால் கூட்டத்தில் இடிக்காமல் நடக்க முடியும், செய்தித்தாள் படிக்க முடியாது. விழித்திரை நிறமிச் சிதைவு நோய் அல்லது முற்றிய கண் அழுத்த நோய் உடையவருக்கு இதற்கு நேர்மாறாக, குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். இவர் சிறிய எழுத்தையும் படித்துவிடுவார். ஆனால், காலடியில் கிடக்கும் கல்லில் தடுக்கி விழுவார். "படிக்கத் தெரிகிறது, நடக்கத் தெரியவில்லையா? நடிக்கிறான்" என்று ஊரார் பேசுவது இந்த வேறுபாட்டை அறியாததால்தான்.

பிறவிக் கண்புரை, நிறமியின்மை, மிகை கிட்டப்பார்வை, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய், நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படும் மரபுவழி விழித்திரை நோய்கள் ஆகியவை சிறாரிடையே முக்கியக் காரணங்கள். பெரியவர்களிடம் நீரிழிவு விழித்திரை நோய், கண் அழுத்த நோய், முதுமையால் வரும் விழித்திரை மையச் சிதைவு ஆகியவை மிகுதி.

இரு கதவுகளின் காலம்

1819ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1805ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலண்டன் மூர்ஃபீல்ட்சு மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றாக இது போற்றப்படுகிறது. பின்னர் எழும்பூருக்கு மாறி, இன்று மண்டலக் கண் மருத்துவ நிலையமாக இயங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் என்றி எலியட், கண் அழுத்த நோய்க்கு ஓர் அறுவை முறையை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டுப் புகழ்பெற்றார். 1945ஆம் ஆண்டில் மருத்துவர் ஆர். ஈ. எசு. முத்தையா இங்கு இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார்.

கல்வித் துறையில் முதல் அடி தெற்கே வைக்கப்பட்டது. ஆனி சார்ப் 1887ஆம் ஆண்டில் அமிர்தசரசில் இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அதையடுத்து 1890ஆம் ஆண்டில் ஆசுக்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் பார்வையற்றோர் கல்விக்கு இதுவே முன்னோடி. விடுதலைக்குப் பின் 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டபோது, தமிழ்ப் பிரெயிலும் அந்த ஒழுங்குக்குள் வந்தது.

மருத்துவமனையும் பள்ளியும் அரும்பணி ஆற்றின. ஆனால், இடைப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? மருத்துவர் "இனிச் செய்வதற்கொன்றும் இல்லை" என்று சொன்ன குழந்தை, ஓரளவு கண் தெரிந்தும் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டது. அல்லது வீட்டோடு நின்றது. பார்வையற்றோர் பள்ளிகளில் சில குழந்தைகள் பிரெயில் புள்ளிகளை விரலால் தடவாமல், தாளைக் கண்ணருகே கொண்டுசென்று கண்ணால் படிப்பதை உலகெங்கும் ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். அக்குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது பெரிய எழுத்து. கிடைத்ததோ வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி.

வட ஆற்காட்டில் கண் முகாம்கள்

திருவண்ணாமலை மாவட்டம் 1989ஆம் ஆண்டில் தனியாகப் பிரியும் வரை போளூர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்பகுதி மக்களுக்குக் கண் மருத்துவம் என்றால் வேலூர்தான். மருத்துவர் ஐடா சுகடர் 1902ஆம் ஆண்டில் அங்கு 40 படுக்கைகளுடன் திறந்த மேரி டேபர் செல் நினைவு மருத்துவமனை, பிற்காலத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாயிற்று. மருத்துவர் விக்டர் ராம்போ 1940-களின் இறுதியில் இக்கல்லூரிக்கு வந்தபின், நோயாளி வரும்வரை காத்திராமல் மருத்துவரே சிற்றூருக்குச் சென்று அறுவை செய்யும் கண் முகாம் முறை வேரூன்றியது.

அக்கால முகாம்களில் புரை விழுந்த கண்வில்லையை அகற்றினர். உள்ளே மாற்று வில்லை பொருத்தும் வசதி இல்லை. எனவே, ஏறத்தாழ பத்து டயாப்டர் திறனுள்ள தடித்த கண்ணாடியை வாழ்நாள் முழுதும் அணிய வேண்டும். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ, அறுவை வெற்றி பெற்ற அதே பெரியவர் மீண்டும் பார்வையற்றவர்போல் ஆனார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பாக 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் தொடங்கி, உள்விழி வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யலானபின் இந்நிலை மாறியது. கண்ணுக்குச் செய்யும் மருத்துவம் அறுவை மேசையோடு முடிவதில்லை, அதன்பின் கைவசம் இருக்கும் கருவியையும் பொறுத்தது என்ற பாடத்தை முகாம்களின் வரலாறே முதலில் கற்பித்தது.

"கண்ணைத் தேய்த்துவிடாதே"

குறைபார்வைச் சேவை தாமதமானதற்கு ஒரு தவறான நம்பிக்கையும் காரணம். பலவீனமான கண்ணைப் பயன்படுத்தினால் மீதமுள்ள பார்வையும் தேய்ந்துவிடும் என்று மேலைநாட்டு வல்லுநர்களே நெடுங்காலம் கருதினர். 1908ஆம் ஆண்டில் இலண்டனிலும், 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாசுடன் நகரிலும் தொடங்கிய சிறப்பு வகுப்புகள் "பார்வையைச் சேமித்தல்" என்ற நோக்கிலேயே அமைந்தன. அங்கு அச்சுப் புத்தகம் படிப்பதை இயன்றவரை குறைத்தனர். நம் வீடுகளில் "புத்தகத்தைத் தள்ளி வை, கண் கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வதும் இதே எண்ணம்தான்.

இதை மாற்றிய பணிகள் சில. அமெரிக்கப் பார்வை அளவியல் வல்லுநர் வில்லியம் ஃபைன்புளூம் 1930-களில் குறைபார்வை உடையோர்க்கான தொலைநோக்கிக் கண்ணாடிகளை உருவாக்கினார். 1964ஆம் ஆண்டில் ஆசிரியர் நட்டாலி பராகா, பார்வையற்றோர் பள்ளிச் சிறார்களில் சிறிதளவு கண் தெரிந்தவர்களுக்குச் சில வாரங்கள் பார்வைப் பயிற்சி அளித்து ஆராய்ந்தார். கண்ணின் கூர்மை மாறவில்லை. ஆனால், அதே கண்ணால் அவர்கள் அறிந்துகொண்டது கூடியது. பயன்படுத்தினால் பார்வை தேயாது, பழகினால் பயன் பெருகும் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. குறைபார்வை உடைய கணித அறிஞர் சாமுவேல் செனென்சுகி, நூலின் பக்கத்தைப் படக்கருவி வழியாகத் தொலைக்காட்சித் திரையில் பெரிதாக்கிப் படிக்கும் கருவியை 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து வடிவமைத்தார். இன்று கைப்பேசியில் படம்பிடித்து விரலால் பெரிதாக்குவது அதன் பேரப்பிள்ளை எனலாம்.

சட்டம் பெயர் சூட்டியது

உலக நலவாழ்வு அமைப்பு 1970-களில் பார்வைக் குறைபாட்டின் படிநிலைகளை வகுத்தது. 1992ஆம் ஆண்டில் பாங்காக்கில் நடந்த அதன் கலந்தாய்வு, பார்வை அளவோடு, ஒரு செயலைச் செய்ய அப்பார்வையைப் பயன்படுத்த இயலுமா என்பதையும் வரையறையில் சேர்த்தது. இக்கருத்தைத் தழுவி, இந்திய நாடாளுமன்றத்தின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் "பார்வையின்மை" என்பதற்கு அடுத்துக் "குறைபார்வை" என்பதையும் தனியே குறிப்பிட்டது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வைக்கு அளவுகளை நிறுவியது. சிறந்த கண்ணில் 6/18-க்கு மிகாமல் 3/60 வரை உள்ள பார்வை, அல்லது 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கிய பார்வைப் புலம் குறைபார்வை எனப்பட்டது. அரசுப் பணியிடங்களில் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் சேர்த்து 1 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. 1976ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம், 6/60 என்றிருந்த தன் பார்வையின்மை எல்லையை 2017ஆம் ஆண்டில் 3/60 என மாற்றியது. அதுவரை பார்வையற்றவராக எண்ணப்பட்ட ஒரு பகுதியினர் இதனால் குறைபார்வைப் பிரிவுக்கு வந்தனர்.

எனினும் எண்ணிக்கையில் தெளிவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம் பேர் என்றது. இதில் முற்றிலும் பார்வையற்றோர் எத்தனை பேர், குறைபார்வை உடையோர் எத்தனை பேர் என்ற பிரிப்பு இல்லை. எண்ணிக்கையிலும் இவர்கள் இடையிலேயே மறைந்துவிட்டனர்.

தமிழ்நாட்டில் சிறப்புச் சேவை

மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் கோ. வெங்கடசாமி 1966ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோர் மறுவாழ்வு மையத்தையும், 1973ஆம் ஆண்டில் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியையும் தொடங்க வழிசெய்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய பின்னும் அறுவைக் கலையைப் பழகிக்கொண்டவர் அவர். 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978ஆம் ஆண்டில் மருத்துவர் செ. சீ. பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். அதன் சார்பில் 1985ஆம் ஆண்டில் எலைட் பார்வை அளவியல் கல்லூரி தொடங்கியது. இக்கல்லூரியின் வருகை நம் பொருளுக்கு முக்கியமானது. குறைபார்வைச் சேவையில் பெரும்பகுதியைச் செய்பவர் அறுவை மருத்துவர் அல்லர், பார்வை அளவியலாளரே. இன்று இவ்விரு நிறுவனங்களிலும் குறைபார்வைக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. பூந்தமல்லியில் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளர் நிறுவனத்தின் மண்டல மையம் இயங்குகிறது.

இப்பிரிவில் முதல் கேள்வி "எவ்வளவு தெரிகிறது?" என்பதன்று, "எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" என்பதே. தையல் வேலை செய்பவருக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டும். மாணவிக்குக் கரும்பலகை வேண்டும். தாத்தாவுக்கு மாத்திரை அட்டையில் பெயர் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு.

இதன் இயற்பியல் எளியது. ஒரு பொருளைப் பாதித் தொலைவுக்குக் கொண்டுவந்தால் கண்ணில் விழும் பிம்பம் இருமடங்காகும். 25 செ.மீ. தொலைவில் வைக்கும் நூலை 5 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் ஐந்து மடங்கு. அவ்வளவு அருகில் கண் தானாகக் குவியாது என்பதால் 20 டயாப்டர் வில்லை துணைக்கு வருகிறது. கைப்பிடிப் பூதக்கண்ணாடி, எழுத்தின்மேல் நிறுத்தி வைக்கும் பூதக்கண்ணாடி, கண்ணாடிச் சட்டத்திலேயே பொருத்திய உருப்பெருக்கி எல்லாம் இந்த ஒரு விதியின் வடிவங்களே. தொலைவில் இருப்பதைப் பார்க்கக் கையடக்கத் தொலைநோக்கி உதவும். ஆனால், உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்க்கும் பரப்பு சுருங்கும். எனவே, அதிக விலையுள்ள, அதிகத் திறனுள்ள கருவியே சிறந்தது என்பதில்லை. கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்துப் படிக்கப் பயிற்சியும் வேண்டும். பயிற்சியின்றிக் கொடுத்த கருவி பெட்டியிலேயே கிடக்கும்.

வகுப்பறையில்

1974ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பார்வைக் குறைபாடுள்ள குழந்தை உள்ளூர்ப் பள்ளியிலேயே மற்றவரோடு படிக்கலாம் என்ற வழி அப்போது பிறந்தது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கமும், இன்றைய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியும் வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றன. தேர்வுகளில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் பெற வழியுண்டு.

தமிழ் எழுத்துக்கு உரிய சிக்கல் ஒன்றை ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தமிழில் ஒரு புள்ளி இருந்தால் "க்", இல்லாவிட்டால் "க". "கி", "கீ" இரண்டையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சிறு சுழி. "ன", "ண" இரண்டையும் பிரிப்பது ஒரு கூடுதல் சுழி. குறைபார்வை உடைய மாணவர் சொற்பிழையோடு படித்தால், அது படிப்பில் பின்தங்கிய அடையாளமா, புள்ளியும் சுழியும் கண்ணுக்குப் புலப்படாததா என்று முதலில் சோதிக்க வேண்டும். அதே பத்தியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் விடை தெரிந்துவிடும்.

செலவில்லாத உதவிகள் பல உள்ளன. மாணவரை முதல் வரிசையில், சன்னல் ஒளி கண்ணில் அடிக்காமல் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்கார வைக்கலாம். கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி எழுதலாம். கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் வெட்டிக் கொடுத்தால், கண் வரி தவறாது. நிறமியின்மை உடைய குழந்தைக்கு வெயிலில் தொப்பி அணிய அனுமதி வேண்டும். வீட்டில் வெள்ளைத் தட்டில் சோறு தெரியாது; வாழையிலையில் பளிச்செனத் தெரியும். வாசற்படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசினால் தாத்தா தடுக்கி விழமாட்டார். புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படிக்கும் குழந்தையைக் கண்டிக்கக் கூடாது. அது அக்குழந்தை தானே கண்டுபிடித்த உருப்பெருக்கி.

போளூரும் ஜவ்வாது மலையும்

போளூரிலிருந்து வேலூர் சுமார் 50 கி.மீ.; மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலை சுமார் 35 கி.மீ. விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதை ஊர் வழியே செல்கிறது. எனவே, போளூர்வாசிக்குச் சிறப்பு மருத்துவம் ஒருநாள் பயணம். ஆனால், மேற்கே ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைவாழ் மக்களின் சிற்றூர்களிலிருந்து புறப்படுபவருக்கு முதலில் மலை இறங்க வேண்டும். பேருந்து நேரத்துக்கு வர வேண்டும். உடன் வருபவர் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். குறைபார்வைச் சேவையோ ஒருமுறை போய் முடிவதன்று. அளவெடுக்க, கருவி தேர, பழக, மீண்டும் சோதிக்க எனப் பலமுறை போக வேண்டியது. தொலைவு இங்கு நோயைப் போலவே ஒரு தடை.

இதே ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரில், 1986ஆம் ஆண்டில் நாட்டுக்கு அளிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்பு வானாய்வகத்தில் நிற்கிறது. விண்மீனைக் காணும் கண் மலைமேல் இருக்கிறது. கரும்பலகையைக் காணச் சட்டைப்பையில் அடங்கும் தொலைநோக்கி தேவைப்படும் மலைவாழ் குழந்தைக்கு அது கிடைப்பது, யாராவது ஒருவர் அக்குழந்தையைக் கவனித்து, சரியான இடத்துக்கு அனுப்புவதைப் பொறுத்தது.

அந்த ஒருவர் பெரும்பாலும் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், அல்லது பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் காப்பாளர். பொழுது சாய்ந்தபின் விடுதியில் தட்டுத் தடுமாறும் குழந்தையை முதலில் காண்பவர் காப்பாளரே. மாலைக்கண் இருவகைப்படும். உயிர்ச்சத்து ஏ குறைவால் வருவது மருந்தாலும் கீரை, மஞ்சள் காய்கனி, முட்டை, பால் போன்ற உணவாலும் தீரும். கவனியாவிட்டால் கருவிழியே உருகிப் பார்வை போகும். இதைத் தடுக்க 1970ஆம் ஆண்டிலேயே தேசிய அளவில் உயிர்ச்சத்து ஏ வழங்கும் திட்டம் தொடங்கியது. விழித்திரை நிறமிச் சிதைவால் வரும் மாலைக்கண்ணுக்கு இம்மருந்து தீர்வாகாது. அக்குழந்தைக்குக் குறைபார்வைச் சேவை வேண்டும். எது எனக் கண்டறிய மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இதற்கான பாதை இப்போது உள்ளது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைச் சோதிக்கின்றன. கண்ணாடியால் சரியாகும் குறைக்குக் கண்ணாடி வழங்கப்படுகிறது. கண்ணாடி அணிந்தும் தெரியவில்லை என்றால் அங்கே நிறுத்திவிடாமல், "குறைபார்வைப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று பெற்றோர் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சலுகைகளுக்கு உரிய 40 விழுக்காடு என்ற எல்லை, 2018ஆம் ஆண்டு விதிகளின்படி இரு கண்களிலும் 6/24 முதல் 6/60 வரை உள்ளவருக்கே தொடங்குகிறது. 1981ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் துணைக்கருவி வழங்கும் திட்டத்தின் கீழ்க் கருவிகளும் பெறலாம். சான்றிதழ் கிடைத்ததோடு சேவை முடிந்ததாகக் கருதுவது பழைய இரு கதவுகளின் மிச்சம். சான்றிதழ் உரிமையைத் தரும், எழுத்தைக் காட்டாது.

முடிவுரை

எழும்பூர் மருத்துவமனை தொடங்கி ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே "குறைபார்வை" என்ற சொல் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது. மருத்துவர், பார்வை அளவியலாளர், சிறப்புப் பயிற்றுநர் ஆகிய மூவரும் இன்று நம்மிடம் உள்ளனர். இவர்களை இணைக்கும் கண்ணி ஊரில்தான் இருக்க வேண்டும். போளூர் போன்ற வட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில், மாதத்தில் ஒருநாளேனும் குறைபார்வைக்கெனப் பார்வை அளவியலாளர் ஒருவர் வந்தமர்ந்தால், மலைக் குழந்தையின் பயணம் பாதியாகும். அதுவரை அந்தக் கண்ணியாக நிற்பவர், கடைசி வரிசையில் புத்தகத்தை முகத்தோடு ஒட்டிவைத்துப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எவ்வளவு தூரம் தெரியுது கண்ணு?" என்று கேட்கும் ஆசிரியரே.